ஆறு பிஸ்கட்டையும் டப்பாவில் போடுங்கள்

கேள்வி: பக்கத்து வீட்டு ஜெர்மன் பாட்டி எழுதிக் கொடுத்த குறிப்பை வைத்து, கிறிஸ்துமஸுக்காகத் தேனும் மசாலாவும் சேர்த்த லெப்கூகன் பிஸ்கட் செய்தேன். வேகும்போது மூத்திர நாற்றம். மறுநாள் கல் மாதிரி ஆகிவிட்டது. முக்கால்வாசியைக் குப்பையில் கொட்டிவிட்டேன், ஆறுதான் மிச்சம். இனிமேல் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, டோர்ட்முண்ட், ஜெர்மனி

பதில்: கொட்டியது தப்பு. தேன் லெப்கூகன் மறுநாள் கல்லாகத்தான் இருக்கும். ஊறுகாய் போட்ட அன்றே ஜாடியைத் திறந்து, மாங்காய் இன்னும் ஊறவில்லையே என்று யாராவது கொட்டுவார்களா?

முதலில் அந்த நாற்றம். குறிப்பில் 'ஹிர்ஷ்ஹார்ன்சால்ஸ்' என்று இருந்திருக்கும். மான்கொம்பு உப்பு என்று பொருள். ஒரு காலத்தில் கொம்பிலிருந்தே எடுத்தார்கள். இப்போது கிடைப்பது ஆலையில் தயாராகும் அம்மோனியம் பைகார்பனேட். சூடு பட்டதும் அம்மோனியா, கரியமில வாயு, நீராவி என்று பிரிந்து மாவை உப்ப வைக்கும். தட்டையான பிஸ்கட்டிலிருந்து அம்மோனியா முழுக்க வெளியேறிவிடும், தடிமனான கேக்கில் உள்ளேயே தங்கிவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பச்சை மாவை ருசி பார்க்காதீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

காத்திருப்பதும் இந்தப் பலகாரத்தின் செய்முறையில் சேர்ந்ததுதான். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் புல்ஸ்னிட்ஸ் என்றொரு சிற்றூர். 1558-லேயே இதைச் சுட உரிமை பெற்ற ஊர். அங்கே தேனோ பாகோ விட்டுப் பிசைந்த மாவை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சும்மா வைத்திருப்பார்கள். மசாலாவும் உப்ப வைக்கும் உப்பும் அதற்குப் பிறகுதான். நீங்கள் ஒரு ராத்திரியாவது மாவை வைத்தீர்களா? அடுப்பிலிருந்தும், தொட்டால் இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆறும்போது தானாக இறுகும்.

கடையில் வாங்குவதில் குற்றமில்லை. 'எலிசன்' என்று பெயர் போட்ட லெப்கூகனில் பாதாம், ஹேசல்நட், வால்நட் வகைப் பருப்பு கால் பங்காவது இருக்கவேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அது முதல் நாளே மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் ஏலக்காயும் கிராம்பும் நீங்களே இடிக்கும்போது எழும் வாசனை பாக்கெட் பொடியில் வராது. லெப்கூகனுக்கே 'ஃபெஃபர்கூகன்', அதாவது மிளகுப் பலகாரம், என்று இன்னொரு பெயர் உண்டு. மிளகு இல்லாவிட்டாலும் அதே பெயர்தான். தூர தேசத்திலிருந்து வந்த வாசனைச் சரக்கு எல்லாமே அந்தக் காலத்தில் அவர்களுக்கு மிளகுதான். இஞ்சியை அவர்கள் 'இங்வர்' என்கிறார்கள். பல மொழிகள் கடந்து அங்கே போய்ச் சேர்ந்த நம் பக்கத்து 'இஞ்சிவேர்' அது. அதையா குப்பையில் கொட்டினீர்கள்?

மிச்சமிருக்கும் ஆறையும் மூடி இறுக்கமான தகர டப்பாவில் அடுக்குங்கள். மேலே ஒரு துண்டு பேக்கிங் தாள், அதன்மேல் ஓர் ஆப்பிள் துண்டு. தேன் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு நாளைக்கொரு முறை துண்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒன்றை விண்டு பாருங்கள். பிறகு இரண்டை எடுத்துக்கொண்டு அந்தப் பாட்டி வீட்டுக்குப் போய்வாருங்கள்.