சீனப் பல்புக்குச் சென்னையில் ஸ்டிக்கர் ஒட்டலாமா?

கேள்வி: கோவையில் விளக்குக் கடை வைத்திருக்கிறேன். நானே புதிதாகத் தொடங்கிய பிராண்ட் பெயரில், சீனாவின் ஜோங்ஷானிலிருந்து 6,000 எல்இடி பல்புகளும் 300 துணி விளக்குக் கூடுகளும் இறக்குமதி செய்தேன். பல்பில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை இல்லை என்று சென்னைத் துறைமுகத்தில் சுங்கத்தார் நிறுத்திவிட்டார்கள். சப்ளையர் கொடுத்த பிஐஎஸ் சான்றிதழ் கையில் இருக்கிறது. "கிடங்கிலேயே ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம், ஒன்றரை லட்சம் ஆகும்" என்கிறார் கிளியரிங் ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணமும் போகும், சரக்கும் போகும்.

முதலில் அந்தச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் 'ஆர்' எழுத்துக்குப் பின் எட்டு இலக்கப் பதிவு எண் ஒன்று இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால், அந்தப் பதிவு யாருடையது, எந்தப் பொருளுக்கு என்று தெரிந்துவிடும். பதிவு ஆலைக்குத்தான், உங்களுக்கும் இல்லை, நடுவில் விற்ற டிரேடிங் கம்பெனிக்கும் இல்லை. அதுவும் ஒரு முகவரி, ஒரு பொருள், ஒரு பிராண்ட் என்ற கணக்கு. உங்கள் பிராண்டே புதிது என்கிறீர்கள். அதைச் சேர்க்கச் சொல்லி ஆலையிடம் நீங்கள் எந்தத் தாளும் கொடுக்கவில்லை என்றால், அது அந்தப் பதிவில் இருக்காது.

ஐஎஸ் எண்ணையும், அதாவது எந்த இந்தியத் தரநிலைக்கான பதிவு என்பதையும், பாருங்கள். பல்புக்கு வேண்டியது ஐஎஸ் 16102 பகுதி 1. பல சப்ளையர்கள் ஐஎஸ் 15885 என்று போட்ட தாளை அனுப்பிவிடுவார்கள். அது எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவருக்கானது, பல்புக்குச் செல்லாது. ஐரோப்பியச் சந்தைக்கான சிஇ முத்திரையைக் காட்டி "இது உலகம் முழுக்கச் செல்லும்" என்பார்கள், இங்கே செல்லாது.

இனி ஸ்டிக்கர். ஏஜென்ட் முழுப் பொய் சொல்லவில்லை, அதுதான் சிக்கல். கிடங்கில் லேபிள் ஒட்டச் சுங்கத்துறையே அனுமதிப்பது உண்டு. ஆனால் அது எடையளவுச் சட்டத்தின் லேபிளுக்கு: இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, எண்ணிக்கை, மாதம், வருடம், எந்த நாட்டுத் தயாரிப்பு என்ற விவரம். அவையெல்லாம் நீங்கள் சொல்ல வேண்டியவை, அதனால் பாண்டட் கிடங்கில் (சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கு) நீங்கள் ஒட்டிக்கொள்ளலாம். பிஐஎஸ் முத்திரை அப்படி அல்ல. அது ஆலை சொல்லும் உறுதிமொழி, ஆலையில்தான் பதிய வேண்டும். எம்ஆர்பி ஒட்டிய அனுபவத்தை வைத்துக்கொண்டு முத்திரையையும் ஒட்டித் தருவதாக விலை பேசுகிறவர்களை நம்பித்தான் சிறு வியாபாரிகள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே பல்புக்கு எம்ஆர்பி ஒரு துறை, முத்திரை இன்னொரு துறை, மின்சிக்கன நட்சத்திரம் மூன்றாவது துறை. மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்றால், கடைக்காரர் குழம்புவதில் என்ன ஆச்சரியம்?

உங்கள் விஷயத்தில் ஆய்வு அறிக்கையில் 'முத்திரை இல்லை' என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு திடீரென்று முளைக்கும் ஸ்டிக்கர், நகத்தால் சுரண்டினால் கையோடு வந்துவிடும். முத்திரை இல்லாதது ஒரு குற்றம். போலி முத்திரை வேறு குற்றம். பொய்யான ஆவணம் என்று வந்தால் சுங்கச் சட்டப் பிரிவு 114ஏஏ சரக்கு மதிப்பில் ஐந்து மடங்கு வரை அபராதம் விதிக்க இடம் கொடுக்கிறது. அபராத நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு.

2019 மே 7 தேதியிட்ட டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) அறிவிக்கை தெளிவாகச் சொல்கிறது: பதிவும் முத்திரையும் இல்லாத இந்த வகைச் சரக்கைத் திருப்பி ஏற்றுமதி செய்ய வேண்டும், செய்யாவிட்டால் சுங்கம் அதைப் பயன்படாதபடி சிதைத்து ஸ்கிராப்பாகத் தள்ளிவிடும். குறிப்பிட்ட சரக்குக்கு மின்னணு அமைச்சகம் விலக்குக் கடிதம் தந்தால் தப்பலாம். விற்பனைக்கு வந்த 6,000 பல்புக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

இன்றே செய்ய வேண்டியது, பிரிவு 49-இன் கீழ் சரக்கைப் பாண்டட் கிடங்குக்கு மாற்ற உதவி ஆணையரிடம் மனு. முதலில் 30 நாள் கிடைக்கும், நீட்டிப்பும் கேட்கலாம். கன்டெய்னரைக் காலிசெய்து திருப்பிக் கொடுத்துவிட்டால், தாமதத்துக்குக் கப்பல் கம்பெனி போடும் டிடென்ஷன் கட்டண மீட்டர் நிற்கும். சுங்கம் நிறுத்திய சரக்குக்கு சிஎஃப்எஸ் (கன்டெய்னர்களை வைத்திருக்கும் நிலையம்) வாடகை வாங்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இருக்கிறது. கவுன்டரில் போய் அதைச் சொல்லிப் பாருங்கள், "ஆர்டர் கொண்டு வாங்க" என்பார்கள்.

அதே மனுவில் விளக்குக் கூடுகளைத் தனியாக விடுவிக்கக் கேளுங்கள். வெறும் துணிக் கூடு பிஐஎஸ் பதிவைக் கட்டாயமாக்கும் ஆணைக்குள் வராது; பல்போடு சேர்ந்து அது ஏன் மாட்டிக்கிடக்க வேண்டும்?

பல்புக்கு, திருப்பி ஏற்றுமதி செய்ய அனுமதி கேட்டு எழுதுங்கள். சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சப்ளையரின் மின்னஞ்சலை இணையுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று ஷோ காஸ் நோட்டீஸ் (விளக்கம் கேட்கும் நோட்டீஸ்) வேண்டாம் எனக் கடிதம் தரச் சொல்வார்கள். தரலாம். ஆனால் ஏஜென்ட் டைப் செய்து நீட்டும் கடிதத்தில் 'தெரிந்தே கொண்டுவந்தேன்' என்கிற பாணியில் ஒரு வரி இருக்கும். அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெரும்பாலும் பறிமுதல், பிரிவு 125 மீட்புத் தொகை (பறிமுதலான சரக்கைத் திரும்பப் பெறக் கட்டுவது), பிரிவு 112 அபராதம் மூன்றும் சேர்ந்த ஆணையாக வரும். தொகை அதிகம் என்று பட்டால், ஆணை கைக்கு வந்த 60 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம். அபராதத்தில் 7.5 சதவீதம் முன்னதாகக் கட்ட வேண்டும்.

அடுத்த ஆர்டருக்கு, உங்கள் பிராண்ட் சேர்ந்த பதிவு செயலியில் தெரிந்த பிறகு முன்பணம் கொடுங்கள். பல்பின் உடலிலும் அட்டைப்பெட்டியிலும் முத்திரை அச்சான படம் வந்த பிறகு மீதிப் பணம்.