ரிப்பேருக்குப் போன ஸ்டீல் கிட்டாரில் ஒலி பாதியானால்?

கேள்வி: 1950களில் வந்த அமெரிக்க ஸ்டீல் கிட்டார் ஒன்று, அப்பா வாசித்தது, என்னிடம் இருக்கிறது. பாலக்கோட்டில் ஆசிரியராக இருக்கிறேன். ஞாயிறுதோறும் ஆலயத்தில் காசு வாங்காமல் வாசிப்பேன். இரைச்சல் வருகிறதென்று பெங்களூருவில் ஒரு கடையில் கொடுத்தேன். வால்யூம் கண்ட்ரோலையும் கேபிள் செருகும் ஜாக்கையும் மாற்றி 9,500 ரூபாய் வாங்கினார்கள். இரைச்சல் போய்விட்டது, ஒலியும் பாதியாகிவிட்டது. கீழ்ஸ்தாயி வருவதே இல்லை. கேட்டால், “காந்தத்துக்கு வயசாகிவிட்டது, புது பிக்கப் போட 28,000 ஆகும்” என்கிறார்கள். கம்பிகளின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் காந்தப் பாகம்தான் பிக்கப்; பழையதையே கழற்றிக்கொண்டார்களோ என்று சந்தேகம். போலீசுக்குப் போகலாமா? வழக்கென்றால் பெங்களூருவுக்கு அலைய வேண்டுமா?

பதில்: அலைய வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34-இன்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். போலீஸ் இப்போதைக்கு வேண்டாம். நம்பிக்கை மோசடி (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 316) என்றால் நேர்மையற்ற எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். வெறும் சந்தேகத்தோடு போனால் ‘சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்தான்: ஒலி குறைந்தது கடைக்காரர் கைபட்டதாலா, இல்லையா? காந்தம் காலப்போக்கில் வலுவிழக்கும், உண்மைதான். ஆனால் ரிப்பேருக்குக் கொடுத்த நாளுக்கும் வாங்கிய நாளுக்கும் நடுவிலா அதற்கு வயசாகும்?

முதலில் வேறு கேபிள், வேறு ஆம்ப்ளிஃபயர் போட்டுப் பாருங்கள். பல வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். பிக்கப் கம்பிகளைவிட்டுத் தள்ளி இறங்கியிருந்தாலும் ஒலி குறையும். அதுவும் இல்லையென்றால் வேறொரு டெக்னீஷியனிடம் கொண்டுபோய், வால்யூமை முழுக்கத் திறந்துவைத்து, ஜாக்கில் மல்டிமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்தக் கால பிக்கப்பில் பொதுவாகச் சில ஆயிரம் ஓம்ஸ் மின்தடை காட்டும். வால்யூம் கண்ட்ரோலின் மின்தடை அளவுக்கு, அதாவது லட்சக்கணக்கில் ஏறினால், பிக்கப்புக்குள் இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், எங்கோ அறுந்திருக்கலாம். காயில் அறுந்தாலும் ஒலி ஒரேயடியாகச் செத்துவிடாது. மெலிந்து, கீழ்ஸ்தாயி இல்லாமல் வரும். நீங்கள் சொல்வதும் அதுதானே? தலைமுடியைவிட மெல்லிய கம்பி அது, பக்கத்தில் சால்டரிங் செய்யும்போது இழுபட்டாலே போய்விடும். கழற்றும்போது வீடியோ எடுங்கள், நீங்களாகத் திறக்காதீர்கள். “நீங்கள்தான் கெடுத்தீர்கள்” என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு அதுவே வாய்ப்பாகிவிடும்.

அளவீடுகளை அந்த டெக்னீஷியன் எழுத்தில் தரட்டும், பிறகு பிரமாணப் பத்திரமாகவும் தரட்டும். ரிப்பேருக்கு முன் ஆலயத்தில் வாசித்ததை யாராவது செல்போனில் பதிவு செய்திருந்தால் அதைத் தேடுங்கள். பில்லைவிட அது பேசும். பிக்கப் தெரியும் பழைய போட்டோ கிடைத்தால் இன்னும் நல்லது. திருகு, கம்பியின் நிறம், பழைய ஈயப்பற்று எதுவும் பொருந்தவில்லையென்றால், அப்போது போலீசைப் பற்றிப் பேசலாம்.

பிறகு வக்கீல் நோட்டீஸ். கட்டாயமில்லை, ஆனாலும் அனுப்புங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். பில்லில் ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். ஒப்படைத்த பொருளைத் தன் பொருள்போலக் கவனிக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151.

நீங்கள் காசுக்கு வாசிப்பதில்லை என்பதால் ‘வணிக நோக்கம், எனவே நீங்கள் நுகர்வோரே அல்ல’ என்ற வாதமும் எடுபடாது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் ஆணையத்தில் கட்டணமில்லை; வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. 9,500 ரூபாயையும், காயிலை மறுபடி சுற்றும் செலவையும், மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் கேளுங்கள்.

28,000 கொடுத்துப் புது பிக்கப் போட மட்டும் இப்போது சம்மதிக்காதீர்கள். பழையதைக் கழற்றிவிட்டால் சாட்சியும் போகும், கருவியின் மதிப்பும் போகும்.