அந்த பிளேடு பாக்கெட்

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. இரண்டு வருடத்துக்கு முன் பைக்கில் போகும்போது லாரி இடித்துத் தலையில் பலத்த அடி. பதினோரு நாள் ஐசியூவில் இருந்தார். கடைசி ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு ஆளே மாறிவிட்டார். மதியமே கடையை மூடிவிட்டு வந்து படுத்துக்கொள்கிறார். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்கிறார். என்னைத் தொட்டு ஒன்றரை வருடமாகிறது. தினமும் சவரம் செய்தவர், தீபாவளிக்கு வாங்கிய பிளேடு பாக்கெட் இன்னும் தீரவில்லை, அவ்வளவு சோம்பல். மனநல மாத்திரையும் கொடுத்துப் பார்த்தோம். வேறு தொடர்பு இருக்கும் என்கிறாள் என் அக்கா. பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்.

பதில்: தங்கச்சி, அம்மா வீட்டுப் பேச்சு அப்புறம். முதலில் அந்த பிளேடு பாக்கெட்டுக்கு வாருங்கள்.

தீபாவளியிலிருந்து சோம்பலால் சவரம் செய்யாதவருக்கு இந்நேரம் தாடி நெஞ்சில் புரள வேண்டும். தாடி வளர்த்துக்கொண்டு திரிகிறார் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே? அப்படியானால் அவர் சவரத்தை விடவில்லை, முடி முளைப்பதுதான் நின்றிருக்கிறது. இன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து அவர் தாடையைத் தடவிப் பாருங்கள். அக்குளையும் பாருங்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கவனித்தும், அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துவிட்டீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

மூக்குக்குப் பின்னால், மூளையின் அடியில் ஒரு எலும்புக் குழி. அதில் பட்டாணி அளவில், அரை கிராம் எடையில் இருக்கிறது பிட்யூட்டரி சுரப்பி. மூளையிலிருந்து ஒரு மெல்லிய காம்பில் தொங்குகிறது. அதற்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி அந்தக் காம்பை ஒட்டித்தான் இறங்குகிறது. தலை வேகமாக மோதிக் குலுங்கும்போது காம்பு இழுபட்டு ரத்த ஓட்டம் கெடலாம். ஸ்கேனில் அது தெரியாமலும் போகலாம். தைராய்டு, சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரீனல், விந்தகம் எல்லாம் வேலை செய்வது இந்தச் சுரப்பியின் உத்தரவில். உத்தரவு நின்றால் உடம்பு குளிரும், அசதி அடித்துப்போடும், ஆசை வற்றும், தாடி உதிரும். உங்கள் கடிதத்தில் இந்த நான்குமே இருக்கின்றன! 2007-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழ் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டது. தலையில் அடிபட்டு மாதங்கள் கழிந்தபின் சோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 27 பேருக்கு இந்தச் சுரப்பியில் ஏதோ ஒரு குறை இருந்தது.

உங்கள் கணவருக்கும் இதேதான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. அடிபட்ட மூளைக்கே அசதியும் மனச்சோர்வும் வரும். ஆனால் சோதிக்காமல் விடக்கூடாது. எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடம், அதாவது ஹார்மோன் சுரப்பிகளைப் பார்க்கும் டாக்டரிடம் போங்கள். வேலூர் சிஎம்சியிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இதற்கென்றே பிரிவு உண்டு. காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் ரத்தத்தில் அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசாலும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனும் பார்க்க வேண்டும். தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் மட்டும் பார்த்து நார்மல் என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். டிஎஸ்ஹெச் என்பது தைராய்டுக்குப் போகும் உத்தரவு, அதைச் சுரப்பதே பிட்யூட்டரிதான். தைராய்டு தானே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4-ம் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கார்ட்டிசால் குறைவு என்றால் அதற்குத்தான் முதலில் மாத்திரை, தைராய்டு மாத்திரை அதற்குப் பின்னால். மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. இடையில் வாந்தியோ மயக்கமோ வந்தால் காலை வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள், பழைய தலைக்காயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் அக்காவுக்கு ஒன்று. மதியமே சுருண்டு படுப்பவர்மீது இன்னொரு பெண்ணின் பழியைப் போடுவது பாவம்.

உடம்புக்கு என்ன என்றே பார்க்காமல் கணவனை விட்டுப் போவதை நான் ஒருநாளும் சரி என்று சொல்லமாட்டேன். இதே சுரப்பி கெட்டு மாதவிலக்கு நின்று படுத்த மனைவியைச் சோம்பேறி என்று பிறந்த வீட்டுக்கு அனுப்பும் கணவனுக்கும் இதையேதான் சொல்வேன். மாமியாரும் கொழுந்தனாரும் இருந்தால், கடையை அவர்கள் ஒரு வாரம் பார்த்துக்கொள்ளட்டும். அது அவர்கள் கடமை. ரிப்போர்ட் வந்து, வைத்தியமும் பார்த்தபிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். போவதா இருப்பதா என்று அப்போது பேசலாம்.

டாக்டரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு, விபத்துக்கு முன்னால் எடுத்த போட்டோ ஒன்றையும் கொண்டுபோங்கள். அப்போதைய முகத்தையும் இப்போதைய முகத்தையும் டாக்டர் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.