கேள்வி – பதில்: மூன்றாமவரின் சீட்டு யாருக்கு?

வாக்குச்சீட்டில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போடுவதும், எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணுவதும்தான் விருப்ப வரிசை வாக்குமுறை. அதுபற்றிச் சென்ற இதழில் இரண்டு வரியில் எழுதியதற்கு, இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இம்முறை பதில்.

கேள்வி: அலாஸ்காவில் 2022-ல் நடந்த இடைத்தேர்தலில் ஒரே கட்சியைச் சேர்ந்த இருவர் சேர்ந்து அறுபது விழுக்காடு வாக்குப் பெற்றும், நாற்பது விழுக்காடு பெற்ற மாற்றுக் கட்சிப் பெண்மணி வென்றார் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். வாக்குப் பிளவைத் தடுப்பதற்காகவே கொண்டுவரப்பட்ட முறையில் இது எப்படி நேர்ந்தது?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தேவிபட்டினம்

பதில்: ஐயா, கணக்கைப் பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அலாஸ்காவுக்கு ஒரே ஓர் இடம்தான். நெடுங்காலம் அந்த இடத்தில் இருந்த டான் யங் 2022 மார்ச்சில் காலமானதால் இடைத்தேர்தல் வந்தது. முதற்கட்டத்தில் 48 பேர் நின்றார்கள். அவர்களில் முதல் நால்வர் இறுதிப் போட்டிக்குத் தேர்வாகி, அதில் ஒருவர் விலகிக்கொள்ள, ஆகஸ்ட் 16 அன்று களத்தில் மூவர் இருந்தனர். ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலா 75,799 முதல் விருப்ப வாக்குகளும், குடியரசுக் கட்சியின் சாரா பேலின் 58,973 வாக்குகளும், அதே கட்சியின் நிக் பெகிச் 53,810 வாக்குகளும் பெற்றனர். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் மூன்றாமிடத்தில் இருந்த பெகிச் நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகளில் இரண்டாவது விருப்பம் யாருக்கு என்று பார்க்கப்பட்டது.

இரண்டு வேட்பாளர்களும் ஒரே கட்சி என்பதால் அத்தனை சீட்டும் பேலினுக்குப் போயிருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் 27,053 சீட்டுகள்தாம் அவருக்குச் சென்றன. 15,467 சீட்டுகள் பெல்டோலாவுக்குச் சென்றன. மீதி 11,290 சீட்டுகளில் இரண்டாவது விருப்பமே குறிக்கப்படாமலோ, எண்ணத்தக்க வகையில் குறிக்கப்படாமலோ இருந்தது. முடிவில் பெல்டோலா 91,266, பேலின் 86,026. கட்சிச் சின்னத்தைக் கண்ட இடத்திலெல்லாம் வாக்களிப்பார்கள் என்று தலைவர்கள் வைத்திருந்த நம்பிக்கையை வாக்காளர்கள் ஏற்கவில்லை என்பதுதான் இந்த எண்களின் பொருள். அதை முறையின் குறை என்று நான் சொல்லமாட்டேன்.

உண்மையான குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. சந்தைக்குப் போகிறவரிடம், "விளைமீன் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் பாறை, அதுவும் இல்லாவிட்டால் சூடை" என்று வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள் அல்லவா, வாக்காளர் சீட்டில் எழுதுவதும் அப்படிப்பட்ட ஒரு வரிசைதான். விளைமீன் கடைசிவரை சந்தையில் இருந்துவிட்டால் பாறையைப் பற்றிய பேச்சே எழாது. பேலின் கடைசிச் சுற்றுவரை களத்தில் இருந்ததால், அவருக்கு முதலிடம் கொடுத்தவர்களின் இரண்டாவது விருப்பத்தை எவரும் புரட்டிப் பார்க்கவில்லை. அந்த விருப்பங்களில் பெரும்பாலானவை பெகிச்சுக்கே இருந்தன. தேர்தலுக்குப் பின் வெளியிடப்பட்ட சீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பெகிச் தனித்தனியாக மோதியிருந்தால் மற்ற இருவரையுமே வென்றிருப்பார் என்று காட்டியுள்ளனர். பேலினுக்கும் பெகிச்சுக்கும் இடையே இருந்த வேறுபாடு 5,163 வாக்குகள். அதைவிடச் சற்றுக் கூடுதலான பேலின் ஆதரவாளர்கள் அன்று வீட்டிலேயே இருந்திருந்தால், அவர்களுக்கு இரண்டாவதாகப் பிடித்தவர் வென்றிருப்பார். வாக்களிக்க வந்ததால் மூன்றாவதாகப் பிடித்தவர் வென்றார். எல்லோருக்கும் ஓரளவு பிடித்தவர் முதல் விருப்பம் குறைந்ததால் முன்கூட்டியே வெளியேறிவிடும் இந்தச் சிக்கலுக்கு, ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே போகும் கணக்கில் மருந்து இல்லை.

இன்னொன்று: பெல்டோலா பெற்ற 51.5 விழுக்காடு என்பது கடைசிச் சுற்றில் எஞ்சிய சீட்டுகளில் கணக்கிட்டது. முதற்சுற்றில் எண்ணப்பட்ட எல்லாச் சீட்டுகளிலும் கணக்கிட்டால் அது 48.4 விழுக்காடுதான். "இந்த முறையில் வெல்பவர் கட்டாயம் பெரும்பான்மை பெற்றவர்" என்று மேடையில் பேசுவோர் இதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: முதற்சுற்றில் முன்னணியில் இருந்தவரே தோற்றதுண்டா?
— வாசகர், ஏர்வாடி

பதில்: உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2018-ல் இரண்டாவது காங்கிரஸ் தொகுதியில் புரூஸ் போலிக்வின் முதற்சுற்றில் சுமார் இரண்டாயிரம் வாக்குகள் முந்தியிருந்தார். சுயேச்சைகள் இருவரின் சீட்டுகள் பிரிக்கப்பட்டதும் ஜாரெட் கோல்டன் வென்றார். தோற்றவர் நீதிமன்றம் சென்றார், வழக்கு நிற்கவில்லை.

கேள்வி: எங்கள் சொந்தக்காரர்கள் தலைமன்னாரில் இருக்கிறார்கள். 2024-ல் அங்கே 1, 2, 3 என்று எண் போட்டு வாக்களித்ததாகச் சொன்னார்கள். அதுவும் அலாஸ்கா முறையும் ஒன்றுதானா?
— விசைப்படகு உரிமையாளர், தங்கச்சிமடம்

பதில்: நெருங்கிய முறைகள், ஆனால் ஒன்றல்ல. முதலில், தங்கள் உறவினர்கள் அப்படி வாக்களித்தது இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில். அந்நாட்டின் நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு வாக்களித்துவிட்டு, அக்கட்சிப் பட்டியலில் மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். அங்கே முதல், இரண்டு என்ற வரிசை கிடையாது. ஜனாதிபதித் தேர்தலில்தான் வரிசை உண்டு. அதிலும் அலாஸ்காவைப் போல ஒவ்வொருவராக நீக்குவதில்லை. எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்ற அனைவரும் ஒரே வீச்சில் நீக்கப்படுகிறார்கள்.

2024 செப்டம்பரில்தான் அந்த இரண்டாம் எண்ணிக்கை முதன்முறையாகத் தேவைப்பட்டது. அநுர குமார திசாநாயக்க 56,34,915 வாக்குகளும், சஜித் பிரேமதாச 43,63,035 வாக்குகளும் பெற்றிருந்தனர். மற்றவர்களுக்கு விழுந்தவை ஏறத்தாழ 33 லட்சம். அந்த 33 லட்சத்தில் முதல் இருவருக்கும் சேர்ந்து வந்து சேர்ந்த விருப்பங்கள் மூன்று லட்சத்தைக்கூட எட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அநுரவுக்கு 1,05,264, சஜித்துக்கு 1,67,867. ஏனைய முப்பது லட்சம் சீட்டுகள் கடைசித் தீர்ப்பில் பங்கே கொள்ளவில்லை. எண் போடும் உரிமை இருந்தது. பலர் ஒற்றைக் குறியோடு நிறுத்திக்கொண்டார்கள், அல்லது அவர்கள் எண் போட்டவர்களும் களத்தில் எஞ்சவில்லை. சட்டப் புத்தகத்தில் ஒரு முறையைச் சேர்ப்பது ஒரு நாள் வேலை. மக்கள் கைப்பழக்கத்தில் அது சேர ஒரு தலைமுறை ஆகலாம்.

கேள்வி: நம் நாட்டில் இப்படி ஏதாவது உண்டா? பாடத்திட்டத்தில் "ஒற்றை மாற்று வாக்கு" என்று ஒரு வரி மட்டும் வருகிறது.
— கல்லூரி மாணவி, கீழக்கரை

பதில்: அரசியலமைப்புச் சட்டம் எழுதப்பட்ட நாளிலிருந்தே உண்டு. உங்கள் பாடத்தில் வரும் "ஒற்றை மாற்று வாக்கு" என்பதும் இப்படி எண் போட்டு வாக்களிக்கும் முறைதான். குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், மாநிலங்களவை உறுப்பினர்கள், மேலவை உள்ள மாநிலங்களில் அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஆகிய அனைவரும் இம்முறையில்தான் தேர்வாகிறார்கள். தமிழ்நாட்டிலும் 1986-ல் மேலவை கலைக்கப்படும்வரை, பட்டதாரித் தொகுதியிலும் ஆசிரியர் தொகுதியிலும் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் எண் போட்டுத்தான் வாக்களித்தார்கள். உங்கள் ஊரில் வயதான ஆசிரியர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாநிலங்களவைக்கு ஒரே நேரத்தில் ஆறு இடங்களுக்குத் தேர்தல் வந்தால், சட்டமன்றத்தின் 234 பேரை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வரும் ஏழால் வகுத்தால் கிடைக்கும் 33.43-ஐத் தாண்ட வேண்டும். அதாவது 34 உறுப்பினர்களின் முதல் விருப்பம் இருந்தால் ஓர் இடம் உறுதி. செய்தித்தாள்களில் "34 எம்.எல்.ஏ.க்கள் தேவை" என்று வருவது இதுதான். வாக்களிக்கும் உறுப்பினர் தேர்தல் ஆணையம் தரும் ஊதா நிற எழுதுகோலால் மட்டுமே எண்ணை எழுத வேண்டும். 2016-ல் ஹரியானாவில் வேறு பேனாவால் எழுதியதாகப் பல வாக்குகள் செல்லாமல் போய் முடிவே மாறியது. எண்ணைச் சொல்லால் எழுதக்கூடாது, ஆனால் எந்த இந்திய மொழியின் எண்ணுருவிலும் எழுதலாம் என்று விதி சொல்கிறது. ஆகவே நம் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் "௧" என்று குறித்தால் அது செல்லும்; அப்படிக் குறிக்க ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டாவது விருப்பத்தால் இந்நாட்டின் தலைமைப் பதவியே தீர்மானிக்கப்பட்டது 1969-ல். வி.வி. கிரி முதற்சுற்றில் பெற்ற வாக்கு மதிப்பு 4,01,515. வெற்றிக்குத் தேவை 4,18,169. நீலம் சஞ்சீவ ரெட்டி, சி.டி. தேஷ்முக் ஆகியோருடன் மும்முனைப் போட்டியாக இருந்த அத்தேர்தலில், மற்றவர்களின் சீட்டுகள் பிரிக்கப்பட்ட பிறகு கிரி 4,20,077-ஐ எட்டினார். தேவைக்கு மேல் இரண்டாயிரம்கூட இல்லை.

கேள்வி: 2024 மக்களவைத் தேர்தலில் நம் இராமநாதபுரம் தொகுதியில் வென்றவருக்கும் பாதிக்கு மேல் வாக்கு வரவில்லை. கூட்டணி அரசியல் வேரூன்றிய நமக்கு இந்த முறை தேவைதானா? அன்று ஒரே பெயரில் பலர் நின்ற குழப்பத்தையாவது இது தீர்த்திருக்குமா?
— மளிகைக் கடைக்காரர், தொண்டி

பதில்: பெயர்க் குழப்பத்தை முதலில் முடித்துவிடுகிறேன். முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது, அதே முன்னெழுத்துடன் வேறு சில பன்னீர்செல்வங்களும் களத்தில் இருந்தார்கள். தவறான பன்னீர்செல்வத்துக்கு 1 என்று போட்டவர், சரியான பன்னீர்செல்வத்துக்கு 2 என்று போட்டிருப்பார் என்று நம்ப இடமில்லை. தவறு நடந்தது தெரிந்தவர்தானே திருத்துவார்?

கூட்டணி பற்றிய கேள்விதான் முக்கியமானது. அந்தத் தேர்தலில் வென்ற நவாஸ்கனி ஐந்து லட்சத்துக்குச் சற்று மேலும், பன்னீர்செல்வம் 3,42,882 வாக்குகளும் பெற்றனர். அடுத்த இரு இடங்களில் அ.தி.மு.க.வும் நாம் தமிழர் கட்சியும் தலா ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகப் பெற்றன. அந்த இரண்டு லட்சம் பேரின் அடுத்த விருப்பம் யார் என்று தொலைக்காட்சியில் ஆளுக்கொரு கணக்குச் சொல்லலாம். ஆதாரம் எவரிடமும் இல்லை, ஏனெனில் அவர்களிடம் அது கேட்கப்படவே இல்லை.

நம் மாநிலத்தில் வாக்கை ஒரு கட்சியிலிருந்து இன்னொரு கட்சிக்கு மாற்றும் வேலை தேர்தலுக்கு முன்பே, தொகுதிப் பங்கீட்டுப் பேச்சுவார்த்தையில், மூடிய அறைக்குள் நடந்துவிடுகிறது. திருவாடானையில் உங்கள் கட்சி நிற்காது, தோழமைக் கட்சி நிற்கும், ஆகவே அதற்குப் போடுங்கள் என்று தலைமை சொல்கிறது. உங்கள் இரண்டாவது விருப்பத்தைத் தலைவரே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறார். விருப்ப வரிசை முறை அந்த எழுதுகோலை வாக்காளரிடம் தருகிறது. உங்கள் கட்சியும் நிற்கலாம், தோழமைக் கட்சியும் நிற்கலாம், யாருக்கு முதலிடம் என்பதை நீங்கள் சொல்லலாம். கட்சிகளின் உண்மையான பலம் தொகுதிவாரியாகத் தெரிந்துவிடும் என்பதாலேயே, பெரிய கட்சியோ சிறிய கட்சியோ இதை விரும்பிக் கேட்கும் என்று நான் நினைக்கவில்லை. அலாஸ்காவிலும் இம்முறையை ஒழிக்க 2024-ல் வாக்கெடுப்பு நடந்து, ஆயிரத்துக்கும் குறைந்த வாக்கு வேறுபாட்டில்தான் அது தப்பியது.

கேள்வி: நம்முடைய மின்னணு இயந்திரத்தில் இது முடியுமா?
— வாசகர், மண்டபம்

பதில்: இப்போதுள்ள இயந்திரத்தில் முடியாது. ஒரு பொத்தானை அழுத்தியதும் அது பூட்டிக்கொள்ளும். இரண்டாவது விருப்பத்தை வாங்க அதற்கு வழியில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தல்கள் காகிதச் சீட்டில்தான் நடக்கின்றன. சட்டத்தைத் திருத்தி எங்காவது சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால், ஊராட்சித் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டில் தொடங்கலாம். ஓர் ஊராட்சியின் சீட்டுகளை ஒரே மேசையில் கொட்டி, நான்கைந்து சுற்று எண்ணினாலும் இரவுக்குள் முடித்துவிடலாம். சட்டமன்றத் தொகுதிக்கு அது நடக்காது. எல்லாச் சாவடிகளின் முதல் விருப்பமும் கூட்டப்பட்ட பிறகே யாரை நீக்குவது என்பது தெரியும். அலாஸ்காவில் தொலைவிலிருந்து தபாலில் வரும் சீட்டுகளுக்காகக் காத்திருந்து, வாக்குப்பதிவு முடிந்து பதினைந்து நாள் கழித்துத்தான் இரண்டாம் சுற்றை எண்ணினார்கள்.