சீரியல் லைட்டுக்காக நகையைத் திருப்பி அடகு வைக்கலாமா?

கேள்வி: சோமனூர் பக்கம் பன்னிரண்டு தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறோம். செலவு போக மாதம் 40,000 ரூபாய் நிற்கும். நிற்காத மாதமும் உண்டு. தை மாதம் மகளைப் பீளமேட்டில் கட்டிக் கொடுத்தோம். வருவது தலை தீபாவளி. மாப்பிள்ளை வீட்டில் பத்துப் பேர் வருகிறார்கள். "அம்மணி, அவங்க வீட்டு விசேஷத்தைப் பாத்தீல்ல, நம்ம வீடும் அப்படி இருக்கோணும்" என்கிறார் என் நாத்தனார். அவர் மகனே டெக்கரேஷன் தொழில் செய்கிறான். லைட், பூ, பலூன், போட்டோ எடுக்க பேக்டிராப் எல்லாம் சேர்த்து மூன்று நாளுக்கு 48,000 கேட்கிறான். இரண்டு வருடம் முன்பு ஹாலுக்கு டைல்ஸ் போட ஆறு பவுனை 1,80,000-க்கு அடகு வைத்தோம். போன தீபாவளிக்கு அதே நகையைத் திருப்பி அடகு வைத்து 2,50,000 ஆக்கினோம். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. ஐப்பசியில் கெடு. இப்போது அடகு வைத்த இடத்தில் 3,30,000 வரை தருகிறோம் என்கிறார்கள். டெக்கரேஷனுக்கு ஆள் வைக்கலாமா, நாங்களே செய்துகொள்ளலாமா?

பதில்: ஆள் வைப்பதா வேண்டாமா என்பது சின்ன விஷயம், கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த நகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

முதல் தடவை உங்கள் கைக்கு வந்தது 1,80,000. ஒரு வருட வட்டி 21,600. போன தீபாவளிக்கு 2,50,000 ஆக்கியபோது அந்த வட்டி போக மிச்சம் வந்தது 48,400. இந்த வருட வட்டி 30,000. இப்போது 3,30,000 ஆக்கினால், வட்டி போக 50,000 கைக்கு வரும். அதில் 48,000 நாத்தனார் மகனுக்கு. கூட்டிப் பாருங்கள். மூன்று தடவையிலும் நீங்கள் உண்மையில் வாங்கியது சுமார் 2,78,000. கடன் 3,30,000. நடுவில் இருக்கும் 52,000 வட்டி. அதில் ஒரு ரூபாய்கூட உங்கள் தறிக் கூலியிலிருந்து போகவில்லை, கடன் வாங்கியே கட்டியிருக்கிறீர்கள். அதனால்தான் வலிக்கவில்லை. அடுத்த ஐப்பசியில் வட்டி மட்டும் 39,600.

தங்கம் ஏறியதால் இது நடக்கிறது. விலை ஏற ஏற அதே ஆறு பவுனுக்குக் கூடுதல் பணம் கிடைக்கிறது. கிடைப்பதை வருமானம் மாதிரி செலவழிக்கிறோம். டாப்-அப் என்று பெயர் வைத்து, வீட்டுக்கே வந்து எடை போட்டுத் தருகிறோம் என்று போனில் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுகிறவருக்கு டார்கெட் இருக்கிறது. உங்களுக்கு என்ன இருக்கிறது? ஒரே தவணையில் அசலும் வட்டியும் கட்டும் நகைக்கடனுக்கு 12 மாதம்தான் உச்ச கெடு; சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகே புதுப்பிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் 2025 விதி. நம் ஊரில் அதற்கும் வழி வைத்திருக்கிறோம். காலையில் தெரிந்தவரிடம் கைமாத்து, மதியம் நகையைத் திருப்பி வைப்பது, சாயங்காலம் கைமாத்தை அடைப்பது. சீட்டு புதிதாகும், கடன் பழையபடியே வளரும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2022-லும் 2025-லும் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் தறி நின்றதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு மாதம் வந்தால் உங்கள் குடும்பத்துக்கு இருக்கும் ஒரே பிடிமானம் அந்த ஆறு பவுன். பலூனுக்காக அதை உச்சம் வரை வைத்துவிட்டால் தறி நிற்கிற மாதம் எதை வைப்பீர்கள்?

ஆகவே கெடுவுக்குத் திருப்பி வைக்காதீர்கள். இதைப் படித்ததும் கோபம் வரும், தெரிந்தே சொல்கிறேன்: ஆறில் இரண்டு பவுனை விற்றுவிடுங்கள். இன்றைய விலைக்குக் கடனில் ஒரு நல்ல பங்கு அடையும். எல்லா உருப்படியும் ஒரே சீட்டில் இருந்தால் பகுதி கட்டிப் பிரித்து மீட்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்களில் முழுக்கடனையும் முடித்துத்தான் எடுக்க வேண்டும். விற்க மனமில்லையா, இந்த மாதமே தொடங்கி மாதம் 7,500 கட்டுங்கள். இதுவரை சேர்ந்த வட்டி அடைந்த பிறகு, முதல் மாதம் வட்டி 2,500 போக 5,000 அசலில் குறையும். அதிலிருந்து ஏறக்குறைய மூன்றரை வருடத்தில் முடியும். மாதாமாதம் கட்ட அனுமதிக்கும் திட்டமா என்று பாருங்கள். கூட்டுறவு வங்கியிலும் அரசு வங்கியிலும் வட்டி விசாரியுங்கள். இரண்டு சதவீதம் குறைந்தாலே வருடம் 5,000 மிச்சம்.

"கார்டில் போடுங்க அத்தை, நோ காஸ்ட் இஎம்ஐ" என்று மருமகன் முறைப் பையன் சொல்லக்கூடும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. தள்ளுபடியிலோ விலையிலோ அந்த வட்டி ஒளிந்திருக்கும். ஒரு தவணை தவறினால் கார்டு வட்டி வருடத்துக்கு 40 சதவீதத்தைக்கூடத் தாண்டலாம்.

சரி, டெக்கரேஷன். அந்த 48,000-ல் ஆள் தேவைப்படுவது ஒரே ஒரு வேலைக்கு: மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏணி போட்டு லைட் கட்டுவது. அதை உங்கள் வீட்டுக்காரர் செய்ய வேண்டாம். விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு 48,000-ல் நிற்காது. வாடகை லைட்டும் ஆள் கூலியுமாக நாலைந்து ஆயிரத்துக்குள் பேசலாம். எல்.இ.டி. சீரியல் எரிவதால் கரண்ட் பில் ஏறுமோ என்று பயப்பட வேண்டாம், 10 வாட் செட் ஐந்தை ஆறு மணி நேரம் எரித்தாலும் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்தான். பூ முதல் நாள் விலை ஏறும், மறுநாள் வாடும். சத்தியமங்கலம் பக்கம் தெரிந்தவர் இருந்தால் செண்டுமல்லியை மொத்தமாக வரவழையுங்கள், 3,000 போதும். தென்னங்குருத்துத் தோரணத்துக்குக் காசு வேண்டுமா, அக்கம்பக்கத்துத் தோப்பில் கேட்டால் தருவார்கள். வாசலுக்கு உங்கள் கையால் ஒரு பெரிய கோலம். பேக்டிராப் துணியும் பலூனும் பட்டாசு வெடிக்கும் வீட்டில் எனக்குப் பிடிக்காத ஜோடி, மொத்தமாக விட்டுவிடலாம். பத்தாயிரத்துக்குள் முடியும், அது இரண்டு மாதத் தறிப் பணத்திலேயே ஒதுங்கும்.

லைட் வேலையை நாத்தனார் மகனுக்கே கொடுங்கள், உறவு முகம் கோணாது. ஆனால் "காசு அப்புறம் பாத்துக்கலாம் அத்தை" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். லைட்டைக் கழற்றும் அன்றே முழுப் பணத்தையும் கையில் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பொங்கல் நோம்பிக்குள் அவன் அம்மா சொந்தக்காரர் அத்தனை பேரிடமும் சொல்லி முடித்திருப்பார்.