சிறுவயதுக் கோடை முகாமில் மீண்டும் கூடுபவர்கள்: நாவல் எழுதுவோருக்குக் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கக் கோடை முகாம் ஒன்றில் சிறுவயதில் ஒன்றாகத் தங்கியவர்கள் முப்பது வருடம் கழித்து அங்கேயே கூடுகிறார்கள். எத்தனை பாத்திரங்கள் வைக்கலாம்?

பதில்: ஐந்து போதும். ஒவ்வொருவருக்கும் அன்றைய முகம், இன்றைய முகம் என இரண்டு உண்டு. ஐந்து பேரே வாசகருக்குப் பத்துப் பேர்தான். எழுதுவதற்கு முன் ஒரு தாளில் வயதுக் கணக்குப் போடுங்கள். 1989இல் 12 வயது என்றால் 2019இல் 42. அன்று அவர்களைப் பார்த்துக்கொண்ட கவுன்சிலருக்கு (முகாமில் பிள்ளைகளைக் கவனிக்கும் இளம் ஊழியர்) 19 என்றால் இன்று 49. பலர் இங்கே கவுன்சிலரை நரைத்த கிழவராக்கிவிடுகிறார்கள். அவர் ஏழு வயதுதான் மூத்தவர்! இரவில் ஒரு கேபின் (பிள்ளைகள் தூங்கும் மரக் குடில்) முழுக்கப் பிள்ளைகளைத் தனியாகக் காத்தவரும் ஒரு பையன்தான் என்று இப்போது உறைக்கும் கணத்தை விட்டுவிடாதீர்கள். இந்தக் கதைக்களம் தரும் ஆகப்பெரிய பரிசு அது.

கேள்வி: பனி கொட்டும் ஜனவரியில் சந்திப்பதாக வைத்திருக்கிறேன். பழைய கேபினில் தங்குகிறார்கள்.

பதில்: தங்க முடியாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் போன்ற குளிர்ப் பகுதிகளில் பழைய முகாம் கேபின்கள் பெரும்பாலும் வெறும் பலகைச் சுவர்கள்தான், வெப்பமூட்டும் வசதி இருக்காது. பருவம் முடிந்ததும் குழாய்களில் இருக்கும் நீரை வடித்துவிடுவார்கள். விட்டால் உறைந்து குழாய் வெடிக்கும். ஆகவே கழிப்பறையும் கிடையாது. எட்டு வார முகாம் என்றால் ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும். அதற்கு அடுத்த வாரங்களில் கூட்டுங்கள். மெத்தைகளை அடுக்குவது, கேனூ என்னும் சிறு துடுப்புப் படகுகளைக் கரையேற்றிக் கவிழ்ப்பது என்று கைக்கு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். பனிதான் வேண்டும் என்றால் காவலாளியின் வீட்டுக்குக் கதையை மாற்றுங்கள்.

கேள்வி: அன்று ஒரு சிறுவன் ஏரியில் மூழ்கி இறந்தான். அதை எல்லோரும் மறைத்தார்கள். இதுதான் ரகசியம்.

பதில்: எச்சரிக்கிறேன், முகாமில் நீச்சல் நேரத்துக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. முதல் நாளே நீச்சல் சோதனை வைப்பார்கள், தேறாதவருக்கு ஆழமில்லாத பகுதிதான். இறங்குபவர் தன் பெயர்வில்லையைக் கரையிலுள்ள பலகையில் மாட்ட வேண்டும், ஏறியதும் எடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. விசில் ஊதியதும் ஜோடிகள் கையைப் பிடித்து நிற்பார்கள்; தலைகளை எண்ணிப் பலகையோடு ஒப்பிடுவார்கள். இதில் எந்தக் கண்ணி அறுந்தது? வில்லையை வேறொருவன் எடுத்துவிட்டானா? ஜோடி பொய் சொன்னானா? அதற்கான பதில்தான் உங்கள் கதை. அது இல்லாவிட்டால் விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

கேள்வி: எனக்கும் ஏரி மரணம்தான், ஆனால் இரவில்.

பதில்: அப்போது பலகை இல்லை. காலியான கட்டிலை முதலில் பார்த்தவர் யார், எத்தனை மணிக்கு?

கேள்வி: தன்மையில் எழுதலாமா?

பதில்: ஒருவருடைய கதை என்றால் எழுதலாம். ஐந்து பேருடையது என்றால் படர்க்கை.

கேள்வி: எத்தனை பாத்திரங்கள் வேண்டும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பகலில் நீந்தும்போது இறக்கிறான், யாரும் கவனிக்கவில்லை என்று வைத்தால்?

பதில்: பலகை. மேலே எழுதியிருக்கிறேன். உண்மையில் எல்லோரும் ஏன் பிணத்தைத் தேடிப் போகிறீர்கள்? ஐந்து பேர் சேர்ந்து சொன்ன பொய்யால் ஒருத்தி பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள் என்று வையுங்கள். இன்று அவளும் வந்திருக்கிறாள், எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

கேள்வி: இதை ஏற்க முடியவில்லை. முப்பது வருடம் சுமக்க ஒரு பொய் போதாது. மரணத்துக்குத்தான் அந்தக் கனம் உண்டு.

பதில்: கனம் உண்டு, ஆனால் இறந்தவன் எதிர்த்துப் பேச மாட்டான். செத்தவன் முன்னால் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. உயிரோடு இருப்பவள் கேள்வி கேட்பாள், மன்னிக்க மறுப்பாள், தனக்கு அது நினைவே இல்லை என்றும் சொல்லக்கூடும். மூன்றாவதுதான் குற்றவாளிகளுக்குத் தாங்க முடியாதது.

கேள்வி: இறந்தவன் பதில் சொல்ல மாட்டான் என்பதே பதற்றம் ஆகாதா?

பதில்: ஆகும், அவனுக்கு ஒரு குரலை மிச்சம் வைத்தால். முகாமிலிருந்து பிள்ளைகளை வீட்டுக்குக் கடிதம் எழுத வைப்பார்கள். அவன் எழுதியவை அம்மாவிடம் இருக்கட்டும். அவற்றில் ஒன்று ஐவரின் கதையோடு பொருந்தாமல் போகட்டும். இந்த அளவுக்கு உங்கள் பக்கம் வருகிறேன்.

கேள்வி: பதிப்பாளரை எப்படி அணுகுவது?

பதில்: என் துறை அல்ல.

கேள்வி: "உனக்கு ஞாபகம் இருக்கா" என்று பேசிப் பேசியே என் முதல் மூன்று அத்தியாயங்கள் போய்விட்டன.

பதில்: இருவருக்கும் தெரிந்ததை ஒருவர் மற்றவருக்குச் சொல்லக் கூடாது. விஷயம் தெரியாத ஒருவரைக் கூட்டி வாருங்கள், கணவரோ மகளோ. உத்தரத்தில் பெயிண்டால் எழுதிய பெயர்களைப் பார்த்து அவர் கேட்கட்டும். இருவர் ஒரே நேரத்தில் வெவ்வேறு பதில் சொல்லட்டும். கடந்தகால அத்தியாயத்தை அந்த முரணுக்குப் பிறகு வையுங்கள், முன்னால் அல்ல.