பணி மாறி ஆசிரியராக விரும்புவோருக்கு: பி.எட். பற்றிய கேள்வி பதில்

கல்வியியல் கல்லூரி மாணவர்களின் கற்பித்தல் பயிற்சியை மேற்பார்வையிடும் பணியில் இருக்கிறேன். வேறு துறைகளிலிருந்து ஆசிரியப் பணிக்கு வர எண்ணுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு, தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டி இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன், பி.இ. படித்தவள்; வயது 38. இனி பி.எட். சேர்வதில் பயனுண்டா?

பதில்: தாராளமாகச் சேரலாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 நெறிமுறைகளின்படி, பிற பட்டதாரிகளுக்கு 50 விழுக்காடும், அறிவியல், கணிதச் சார்புள்ள பொறியியல் பட்டதாரிகளுக்கு 55 விழுக்காடும் பட்டப் படிப்பு மதிப்பெண் தேவை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அரசுப் பள்ளி நியமனத்துக்கான வயது வரம்பு 2023இல் பொதுப் பிரிவினருக்கு 53 ஆகவும் மற்றவர்களுக்கு 58 ஆகவும் உயர்த்தப்பட்டதால், படிப்பை முடிக்கும்போது உங்களுக்கு 40 வயதாகியிருப்பது தடையாகாது.

கேள்வி: வங்கி வேலையை விடாமல் தொலைநிலையில் பி.எட். முடிக்க முடியுமா?

பதில்: முடியாது. தொலைநிலை பி.எட்., ஏற்கெனவே பயிற்சி பெற்றுத் தொடக்க வகுப்புகளில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும், நேரடி முறையில் ஓர் ஆசிரியர் பயிற்சியை முடித்தவர்களுக்கும் மட்டுமே உரியது. நேரடிப் படிப்பு இரண்டு ஆண்டுகள். வகுப்புகளுக்கு 80 விழுக்காடும் பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை கட்டாயம். 'கல்லூரிக்கு வராமலே பி.எட்.' என்று ஆசை காட்டும் இடைத்தரகர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: பல ஆண்டுகளாக டியூஷன் நடத்துகிறேன். எனக்கும் வாரக்கணக்கில் பள்ளிப் பயிற்சி அவசியமா? தெரிந்த பள்ளியில் கையெழுத்து மட்டும் வாங்கினால் போதாதா?

பதில்: அவசியம், கையெழுத்து மட்டும் வாங்கினால் நீங்கள் இழப்பது இந்தப் படிப்பின் உயிர்ப்பகுதியை. மொத்தம் 20 வாரப் பள்ளிப் பயிற்சியில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில் வருகிறது. டியூஷனுக்கு வருகிற பிள்ளை, பெற்றோர் பணம் கட்டி அனுப்பிய பிள்ளை. பாடம் புரியவில்லை என்றால் பக்கத்தில் அமர்ந்து இன்னொருமுறை சொல்லிவிடலாம். நாற்பது பேர் அமர்ந்திருக்கும் எட்டாம் வகுப்பில், முன்வரிசையில் பத்துப் பேர் உரக்கப் பதில் சொல்வதைக் கேட்டு வகுப்பே புரிந்துகொண்டது என்று நம்பிவிடுவதுதான் வேறு துறைகளிலிருந்து வருகிறவர்களிடம் நான் அடிக்கடி காணும் தவறு. பாடத்தில் அவர்களுக்கு ஆழ்ந்த அறிவு இருக்கும். ஆனால், பின்னத்தைக் கூட்டும்போது மேலெண்ணை மேலெண்ணுடனும் கீழெண்ணைக் கீழெண்ணுடனும் கூட்டிவிடும் பிள்ளை எதை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்று கேட்கத் தோன்றாது. வழிகாட்டி ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து கவனித்து, பாடக்குறிப்பு எழுதி, அதன்படி நடத்தி, அவர் திருத்தியதை ஏற்று மறுநாள் மாற்றி நடத்தும்போதுதான் அந்தக் கேள்வி பழக்கமாகிறது. ஆகவே, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள், பேராசிரியர்கள் நேரில் வந்து வகுப்பைப் பார்க்கிறார்களா என்று அங்கே படித்தவர்களிடம் விசாரியுங்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. முடித்த இல்லத்தரசி நான். பி.எட். படித்துவிட்டு ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குக் கற்பிக்க விரும்புகிறேன்.

பதில்: அந்த வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. சிறு பிள்ளைகளுடன் இருப்பதுதான் உங்கள் விருப்பமென்றால், தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் சேருங்கள். மேல்நிலை வகுப்புகளுக்கும் செல்ல மனமிருந்தால், எம்.எஸ்சி.யுடன் பி.எட். சேர்ந்தால் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் தேர்வை எழுதலாம். அதற்கு ஆசிரியர் தகுதித் தேர்வு தேவையில்லை.

கேள்வி: ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றால் அரசு வேலை உறுதிதானே?

பதில்: இல்லை. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு இரண்டாம் தாள் எழுத வேண்டும். 150 மதிப்பெண்ணுக்கு 90 என்பது பொதுப் பிரிவினருக்கான தேர்ச்சி அளவு. சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் 2018ஆம் ஆண்டின் அரசாணைப்படி, நியமனத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தனிப் போட்டித் தேர்விலும் வெற்றி பெற வேண்டும். அது எப்போது நடக்கும் என்று முன்கூட்டிக் கணக்கிட இயலாது. இரண்டு ஆண்டுப் படிப்புக் காலத்துக்கும், அதன்பின் தனியார் பள்ளியில் குறைந்த ஊதியத்தில் பணியாற்ற நேரும் காலத்துக்கும் வீட்டுச் செலவை எப்படிச் சமாளிப்பது என்று குடும்பத்தாருடன் அமர்ந்து கணக்குப் போட்ட பிறகே தற்போதைய வேலையிலிருந்து விலகுங்கள்.